மூன்றாம் கதவுக்குச் சொல்லவில்லை

இந்த அறையின் சுவர்க் கடிகாரம் ஏழு நிமிடம் பின்னால் ஓடுகிறது, இன்ஸ்பெக்டர். வந்து உட்கார்ந்ததும் கவனித்தேன். அதை நான் குறை சொல்ல மாட்டேன். தனக்குத் தெரிந்த நேரத்தை அது காட்டுகிறது. சரியான நேரம் எது என்று யாராவது அதற்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

என் பெயர் சற்குணம். வயது ஐம்பத்து நான்கு. பாயான் லெப்பாஸில் சிலிக்கன் தகடு செய்யும் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மேற்பார்வையாளன். இருபத்தோரு வருடத்தில் ஒரு நாள்கூடத் தாமதமாக வேலைக்குப் போனதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் மேசையில் இருக்கும் விசாரணை அறிக்கையில் பதினோராம் பக்கம் ஒரு சொல் இருக்கிறது. "தாமதம்." நான் எழுதிய அறிவிப்புப் புரோகிராம் எழுபது நிமிடம் தாமதமாக வேலை செய்ததாம். அதனால் தங்கராஜு என்ற டெக்னீஷியன் உலர் அறைக்குள் இறந்துபோனானாம். அது தப்பு. அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன்.

என் புரோகிராம் இரண்டு விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டதே இல்லை.

உங்களுக்குக் கம்ப்யூட்டர் பழக்கமில்லை என்றீர்கள். பரவாயில்லை. எண்பத்திரண்டாம் வருடம் பிறந்தபோது அரசாங்கமே நம் நேரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்ததே, ஞாபகமிருக்கிறதா? என் சித்தப்பா குலசேகரம் ரேடியோ கேட்கமாட்டார், பேப்பர் வாங்கமாட்டார். அவருக்கு யாரும் சொல்லவில்லை. மறுநாள் அரை மணி பிந்தி அலுவலகத்துக்குப் போய் நின்றுகொண்டு, "நான் சரியாத்தானே வந்தேன்" என்று வாதாடினார். அவர் பொய் சொல்லவில்லை. ஊர் புது நேரத்துக்குப் போய்விட்டது, அவர் மட்டும் பழைய நேரத்தில் இருந்தார்.

எங்கள் தொழிற்சாலையிலும் அதே கதைதான். நடுவில் ஒரு சர்வர். எந்த அடுப்புக்கு எவ்வளவு சூடு, எந்த அறைக்கு எவ்வளவு காற்று, எல்லா விதியும் அதற்குள் இருக்கும். அதைச் சுற்றி, அடுப்புக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று என்று அறுபது கட்டுப்பாட்டுப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியும் அதிகாலை ஐந்து மணிக்குக் கண் விழித்ததும் சர்வரிடமிருந்து தன் விதிகளை வாங்கித் தன்னிடம் ஒரு நகல் வைத்துக்கொள்ளும். பிறகு நாள் முழுவதும் அந்த நகலைப் பார்த்துத்தான் நடக்கும். நடுவில் சர்வரில் ஒரு விதியை மாற்றினால் பெட்டிக்கு எப்படித் தெரியும்? சர்வரை நிறுத்தித் திருப்பி ஓட்டலாம். மூன்று ஷிப்டும் ஓடுகிற இடத்தில் அதற்கு யார் விடுவார்கள்? அறுபது பெட்டியும் நிமிடத்துக்கு ஒரு தடவை "மாறிவிட்டதா, மாறிவிட்டதா" என்று கேட்டால் நெட்வொர்க் மூச்சுத் திணறிவிடும்.

நான் எழுதியது அதற்குத்தான். சர்வரில் ஒரு பட்டியல். யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று அதில் பெயர்கள், பத்திரிகைக்குச் சந்தா கட்டியவர்களின் பட்டியல் மாதிரி. விதி மாறிய கணமே பட்டியலில் உள்ள எல்லாப் பெட்டிக்கும் சேதி போகும். பெட்டி புதிய விதியை எடுத்துக்கொண்டு, "பெற்றேன்" என்று நேரத்தோடு பதில் அனுப்பும். எட்டு மாதம் உட்கார்ந்து எழுதினேன். மேனேஜர் கை குலுக்கினார். ஒரே வருடத்தில் தொழிற்சாலையின் பழக்கமே மாறிப்போயிற்று. முன்னெல்லாம் ஏதாவது மாறினால் சூப்பர்வைசர் லைன் லைனாக நடந்து வாயால் சொல்வார், பலகையில் காகிதம் ஒட்டுவார். அதெல்லாம் நின்றது. கேட்டால் "பெட்டி சொல்லும்லா" என்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

மேனேஜருக்குப் பிடித்துப்போனதால் ஆள் சேர்ப்பு அலுவலகத்துக்கும் அதையே பொருத்தினோம். மருத்துவ அட்டையில் யார் பெயர் சேர்ந்தாலும், நீங்கினாலும், கிளினிக்குக்கு உடனே சேதி போகும். எல்லாச் சேதியும் ஒரு தடவை என் திரையிலும் ஓடும். அது மேற்பார்வைக்காக.

மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, பகல் பதினொன்றே கால். ஒரு வரி ஓடியது. பணியாளர் 2207, தங்கராஜு. திருமண நிலை மாற்றம். மனைவி: புஷ்பராணி, தகப்பன் பெயர் சற்குணம்.

புஷ்பராணி என் மகள். ஒரே மகள். அதே தொழிற்சாலையில் மாடியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. அன்று காலையில்கூட என் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

பதிவுத் திருமணம் நடந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. எனக்குச் சொன்னது என் மகள் இல்லை, என் புரோகிராம்.

நான் சத்தம் போடவில்லை. அன்று சாப்பாட்டு நேரத்தில் கேண்டீனில் நவமணி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நவமணி இரண்டாம் லைனுக்குத் தலைவி, வாய் ஓயாது, மனசில் ஒன்றும் தங்காது.

"தங்கராஜுக்குக் கல்யாணமாமே?" என்றேன்.

அவள் கரண்டி தட்டில் நின்றது. "யாரு சொன்னா சார்?"

"யாரோ சொன்னாங்க. எத்தனை பேருக்குத் தெரியும்?"

"அய்யோ, என்னைய மாட்டி விடாதீங்க சார். லைன்ல எல்லாருக்கும் தெரியும்லா. நாங்கதான் காசு போட்டு ரைஸ் குக்கர் வாங்கிக் குடுத்தோம். உங்களுக்கு ஹார்ட்டு சரியில்லன்னு, ஒடம்பு தேறுனதும் மெதுவா சொல்லலாம்னு அந்தப் புள்ளதான்..." என்றவள், பாதியில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். "நல்ல பையன் சார். வாய்தான் கொஞ்சம் நீளம்."

இரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்கு மாரடைப்பு வந்தது உண்மை. அதிர்ச்சி கூடாது என்று டாக்டர் சொன்னதும் உண்மை. அதற்காக எனக்கு மட்டும் சொல்லாமல் விட்டார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்டது என் மனைவி செல்வநாயகி. ஏழு மாதம் ஊர் ஒரு நேரத்தில் இருந்தது, நான் ஒரு நேரத்தில் இருந்தேன். அந்த ஏழு மாதத்தில் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறி, அவளுக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்று அர்ச்சனை செய்தேன். அவள் பக்கத்தில் நின்று கும்பிட்டாள். கும்பல் நடுவே தங்கராஜு காவடியோடு எங்களைக் கடந்து போனான். என்னைப் பார்த்து, "வாங்க மாமா" என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, "வாங்க சார்" என்று மாற்றினான். விரதக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இருந்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை. கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாம்காரன். தினமும் விடியற்காலைப் படகில் மோட்டார் சைக்கிளோடு வருவான். வரும்போது பத்துப் பேருக்கு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கி வருவான். உலர் அறையின் மூன்றாம் கதவுப் பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "என்ன தலைவா, இன்னிக்கு என்ன சேதி?" என்பான். அவன் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், என் அப்பா ரயில்வேயில் தலைமைக் குமாஸ்தா. அந்த வித்தியாசமெல்லாம் நான் பார்ப்பவன் இல்லை. முறையாக வந்து பெண் கேட்டிருந்தால் யோசித்திருப்பேன். வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் யோசித்துவிட்டுச் சொல்லியிருப்பேன்.

உலர் அறைக்கு வருகிறேன்.

தகடுகள் ஈரம் படாமல் இருக்க அந்த அறையில் நைட்ரஜன் நிரப்பி வைப்போம். அதற்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. உள்ளே போகிறவனுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, முழங்கால் மடங்கும். அதனால் உள்ளே போகும் முன் வாயுவை நிறுத்தி, விசிறியை ஓட்டி, காற்று மாறும்வரை வெளியே காத்திருக்க வேண்டும். கதவுப் பெட்டி நிமிடத்தை எண்ணும். எண்ணி முடித்ததும் பச்சை விளக்கு, பூட்டுத் திறக்கும். காற்றை அளக்கக் கையில் பிடிக்கும் மீட்டர் ஒன்று இருந்தது. அலமாரியில் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். யாரும் வாங்குவதில்லை. பச்சை எரிந்தால் போகலாம், அதுதான் எங்கள் பழக்கம்.

முன்பு காத்திருக்க வேண்டிய நேரம் ஆறு நிமிடம். ஏப்ரலில் நடுச்சுவரை இடித்து இரண்டு அறையை ஒன்றாக்கினார்கள். அறை பெரிதாயிற்று, வாயுவும் கூடியது. இருபத்தைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று ரொஸ்னா கணக்குப் போட்டுக் கொடுத்தாள். ரொஸ்னா அந்த அறைக்குப் பொறுப்பான இன்ஜினியர். கெட்டிக்காரப் பெண். ஏப்ரல் இருபத்தொன்பது, வியாழக்கிழமை காலை ஆறரைக்கு அந்த எண்ணை நான் மாற்ற வேண்டும், ஏழு மணி முதல் புதிய அறையில் வாயு நிரம்பியிருக்கும் என்று ஏற்பாடு.

அந்த அறைக்கு மூன்று கதவு. காலை ஷிப்டில் வடிகட்டி மாற்ற மூன்றாம் கதவு வழியாகப் போகிறவன் தங்கராஜு ஒருவன்தான்.

புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, வீட்டுக்குப் புறப்படும் முன், பட்டியலில் ஒரு வரியை எடுத்தேன். மூன்றாம் கதவு. கொலை என்று நீங்கள் எழுதுவீர்கள், எழுதுங்கள். நான் செய்தது ஒரு வரியை எடுத்தது. யாரையும் தொடவில்லை, யாரிடமும் பொய் சொல்லவில்லை.

ஒரே ஒரு சொல் சொன்னேன். அதையும் மறைக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஏழு மணி. இடியப்பமும் சொதியும். செல்வநாயகி பரிமாறினாள். புஷ்பராணி எனக்கு எதிரில் இருந்தாள். நான் நியாயமான மனிதன், இன்ஸ்பெக்டர். அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க நினைத்தேன்.

"நாளையில இருந்து உலர் அறைக்குக் காத்திருக்கிற நேரம் மாறுது. ஆறு இல்ல, இருபத்தஞ்சு நிமிஷம்" என்றேன்.

இடியப்பத்தைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. "மூணாம் கதவுக்குமாப்பா?"

"எல்லாக் கதவுக்கும்தான். ஏம்மா, அந்தப் பக்கம் உனக்கு வேண்டியவங்க யாராச்சும் இருக்காங்களா?"

செல்வநாயகி சொதிச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். சட்டி நிறையச் சொதி இருந்தது.

நான் காத்திருந்தேன். அவள் மட்டும், "ஆமாப்பா, என் புருஷன் இருக்காரு" என்று சொல்லியிருந்தால், அப்போதே காரை எடுத்துப் போய் அந்த வரியைத் திருப்பிச் சேர்த்திருப்பேன். இதை நான் எந்தச் சாமி முன்னாலும் சொல்வேன்.

"இல்லப்பா, சும்மா கேட்டேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பெட்டி சொல்லிடும்ல?" என்றாள்.

"சொல்லும்" என்றேன்.

அந்த ஒரு சொல்தான்.

சாப்பிட்டு முடித்ததும் அவள் இரண்டு தடவை ஹாலுக்கு வந்தாள். தொலைபேசி அங்கேதான். அதன் பக்கத்து நாற்காலி என்னுடையது. பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். வழக்கமாக அரை மணியில் முடித்துவிடுவேன், அன்று எல்லாப் பக்கமும் படித்தேன், விளம்பரம் உட்பட. "இன்னும் படிக்கிறீங்களாப்பா?" என்றாள். "ஆமாம்மா" என்றேன். அவள் தூங்கப் போய்விட்டாள். அவளுக்கு வேலை எட்டரைக்கு. அவனுக்கு ஏழு மணிக்கு.

மறுநாள் ஆறரைக்கு எண்ணை மாற்றினேன். முதல் கதவு, "பெற்றேன்." இரண்டாம் கதவு, "பெற்றேன்." இரண்டு விநாடிகூட ஆகவில்லை.

ஏழு பதினைந்துக்கு மூன்றாம் கதவு வாயுவை நிறுத்தியதாக என் திரையில் வரி வந்தது. ஏழு இருபத்தொன்றுக்குக் கதவு திறந்ததாக வரி வந்தது. ஆறு நிமிடம், சரியாக. அந்தப் பெட்டி தனக்குத் தெரிந்ததைத் தவறாமல் செய்தது. என் வலக்கைக்கு ஒரு சாண் தூரத்தில் தொலைபேசி இருந்தது. இரண்டாம் லைன் எண் எனக்கு மனப்பாடம். கோப்பி சூடாக இருந்தது, அதைக் குடித்தேன்.

ஏழு நாற்பதுக்குப் பட்டியலில் அந்த வரியைத் திருப்பிச் சேர்த்தேன். சேர்ந்த உடனே அதற்கும் புதிய விதி போயிற்று. மூன்றாம் கதவு, "பெற்றேன், 7:40." ஆறரைக்கும் ஏழு நாற்பதுக்கும் எழுபது நிமிடம். உங்கள் அறிக்கைக்காரர்கள் அந்த இரண்டு எண்ணைக் கழித்துப் பார்த்துத் தாமதம் என்று எழுதிவிட்டார்கள். பட்டியலை யார் எப்போது தொட்டார்கள் என்பது தனிப் பதிவில் இருக்கும். அதைத் திறந்து பார்க்கவில்லை. அந்தப் பதிவின் காகிதத்தைத்தான் உறையில் போட்டு உங்களிடம் கொடுத்திருக்கிறேன்.

ஏழே முக்காலுக்கு நவமணி தன் நாசி லெமாக் பொட்டலத்தைத் தேடி வந்தாள். கதவுக்கு வெளியே அவன் கழற்றிவிட்ட சப்பாத்து இருந்தது. கதவுக் கண்ணாடி வழியாக அவன் கிடப்பதைப் பார்த்திருக்கிறாள். உள்ளே ஓடத்தான் பார்த்தாள். ஆனால் ஆறு நிமிடத்தோடு நின்றுபோன விசிறியை, புதிய விதியை வாங்கிய பெட்டி திரும்ப ஓட்டி, முதலிலிருந்து எண்ணத் தொடங்கிவிட்டதே, சிவப்பு விளக்கு எரிந்தது, பூட்டுத் திறக்கவில்லை. அதனால்தான் நவமணி பிழைத்தாள். என் புரோகிராம் காப்பாற்றிய உயிர் அது, எழுதிக்கொள்ளுங்கள். அவள் கண்ணாடியை அடித்த சத்தம் என் அறைவரை கேட்டது. அவசரச் சாவி மாடியில் ரொஸ்னாவிடம் இருந்தது. கொண்டுவந்து திறக்கப் பதினோரு நிமிடம் ஆயிற்று.

அவன் கையில் புது வடிகட்டி இருந்தது. உறையைப் பிரிக்கவில்லை.

ரொஸ்னாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பெட்டியைச் சரியாகச் சோதிக்கவில்லை என்று அவள் தலையில் போட்டுவிட்டார்கள். அவளுக்காக நான் வந்தேன் என்று எழுத விரும்பினால் எழுதலாம். படிக்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும். ஆனால் அந்தப் பதினோராம் பக்கம் இல்லாவிட்டால் நான் வந்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் புஷ்பராணி என் காலடியில் விழுந்தாள்.

"அவரு என் புருஷன்பா" என்றாள்.

"எனக்கு ஏம்மா யாரும் சொல்லல?" என்றேன். அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அவள் பேசியது ஒன்றே ஒன்றுதான். சாம்பல் கரைத்துவிட்டு வந்த அன்று, சாப்பாட்டு மேசையில், தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "உங்ககிட்ட கேட்டேன்பா. பெட்டி சொல்லும்னு நானும் விட்டுட்டேன். ஒரு போன் போட்டிருந்தா போதும். நான்தான்பா அவரக் கொன்னுட்டேன்."

நான் மறுத்துப் பேசவில்லை. யோசித்துப் பாருங்கள், அவள் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அவளுக்கு முதல் நாளே தெரியும். சொல்லாமல் விட்டாள். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று இப்போது அவளுக்குப் புரிந்திருக்கும்.

இரண்டு மாதமாக மாடி அறையில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். வேலையை விட்டுவிட்டாள். தலை வாரி விடுவதும் அவள் அம்மாதான். நான் ஆபீசிலிருந்து வந்தால் மட்டும் எழுந்து வந்து கோப்பி போட்டுத் தருகிறாள். என் முகத்தைப் பார்ப்பதில்லை. தன்னை நான் மன்னித்துவிட்டேனா என்று பார்க்கப் பயம், பாவம்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? இங்கேயா? போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்த வாக்குமூலத்தின் நகல் யார் யாருக்குப் போகும் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. போலீஸ் தலைமையகம், அரசு வக்கீல், தொழிற்சாலை நிர்வாகம், குடும்பத்தார் என்று நான்கு வரி. அந்த நாலாவது வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். நான் வெளியூர் வேலைக்கு மாற்றலாகிப் போனதாக செல்வநாயகி சொல்லிக்கொள்வாள். புஷ்பராணி மனசு ஏற்கெனவே நொந்து கிடக்கிறது, இன்னொரு அதிர்ச்சியை அது தாங்காது. ஒரு தகப்பனாக அவளுக்கு நான் செய்யக்கூடிய நல்லது இனி இது ஒன்றுதான்.

அவளாக வந்து கேட்டால் என்ன செய்வது என்கிறீர்களா? கேட்க மாட்டாள், இன்ஸ்பெக்டர். கேட்பதற்கு ஒன்று இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தால்தானே.